உயிரோடு எடுத்த சாவுப் படம்

நான் செய்த முதல் வேலை, செத்தவர்களுக்குக் கண் திறப்பது.

வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அறுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து ஜனங்கள் படம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டே சமயங்களில்தான். கல்யாணத்துக்கு ஒன்று, செத்த பிறகு ஒன்று. கல்யாணத்தில் விட்டவர்கள்கூட சாவில் விடமாட்டார்கள். பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, சொந்தக்காரர்களைச் சுற்றி நிற்கவைத்து எடுப்பார்கள். பிறகு சுவரில் மாட்டுவதற்கு முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கேட்பார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும். "கண்ண மூடிக்கினு கீறாரே, தொறந்தாப்ல போட்டுக் குடுங்க."

அந்தக் கண்களை வரைய ஸ்டூடியோக்காரருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் ட்ராயிங் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, டீச்சர் வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த நேரம். வீட்டில் சும்மா இருந்தால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் போய்ச் சேர்ந்தேன். அம்மா மாதாவைக் கூப்பிட்டு அழுதாள். வயசுப்பெண் ஓர் ஆம்பளையோடு இருட்டறையில் நிற்பதா என்பது அவள் கேள்வி. ஸ்டூடியோக்காரரின் மனைவிக்கும் அதே கேள்வி இருந்தது. அதனால் அவர் டார்க் ரூம் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்பார். "படம் கழுவறோம்கா" என்பேன். "சத்தமே வரலியே?" என்பார். படம் கழுவும்போது சத்தம் வராது என்பதை அந்த அக்கா கடைசிவரை நம்பவில்லை.

முதலில் வந்த பிணத்தை நான் உயிரோடு பார்த்ததில்லை. அவர் கண் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "கண்ணு மாதிரிதான் இருக்கும்" என்றான் மகன். வீட்டுக்கு வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் கண்ணைப் பார்த்து வரைந்து கொடுத்தேன். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த பிணத்துக்கும் அதே கண். கைக்குப் பழகிவிட்டது. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். கூட வேலை செய்தவர் ஒருவரின் கருமாதிக்குப் போய்வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்டி, அந்த வூட்டு செவுத்துல நான் எதுக்கு மொறைச்சிக்கினு கீறேன்?"

அப்போது வில்லியனூர் சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளில் அப்பாதான் முறைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் பாகூர் பக்கம் செலியமேட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நெல்லும் கரும்பும் போடுகிற நிலக்காரர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அக்குளில் கண்ணாடி போட்ட படம் ஒன்று. அவருடைய அண்ணன் படம். போன மாதம் நான் கண் போட்டுக் கொடுத்தது. அதை மேஜைமேல் வைத்தார்.

"இன்னாம்மா இது? எங்க அண்ணனுக்குப் பொறந்ததுலேர்ந்து மாறுகண்ணு. இதுல ரெண்டும் நேரா கீது. செத்தப்புறம் சரியாயிட்டுதா?"

"மாத்தித் தர்றேங்கய்யா" என்றேன்.

"வேணாம். அண்ணிக்கு இதான் புடிச்சிருக்கு." துண்டால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். "ஆனா எனக்கு இந்த வேலை பண்ணிடாத. நான் செத்தப்புறம் என் புள்ளைங்க எந்தக் கண்ண சொன்னாலும் நீ வரைஞ்சி குடுத்துடுவ. நான் இருக்கசொல்லவே வந்து என் சாவு படத்த புடிச்சிடு. நாற்காலி, மாலை, சுத்தி நின்னு அழுவற கூட்டம் எல்லாம் இருக்கணும். கண்ண மட்டும் நான் தொறந்து வெச்சிக்கிறேன்."

ஸ்டூடியோக்காரர் இதைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். உயிரோடு இருக்கிறவரைப் பிணமாகப் படம் எடுத்தால் கடை விளங்காது என்பது அவர் எண்ணம். அதைப் பெரியவர் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாமல் வயிற்றுவலி என்றார். தான் மத்தியானம் தூங்குவதற்காக எனக்குக் கேமராவைக் கையாளக் கற்றுக்கொடுத்து வைத்திருந்தார். அதனால், "இந்தப் பொண்ணு வரும்" என்று கைகாட்டிவிட்டார். அவர் மனைவி, "நானும் கூடப் போறேன்" என்று உடனே கிளம்பினார். இந்தக் கூத்தைப் பார்க்காமல் விட அவருக்கு மனசில்லை.

செலியமேட்டில் களத்தின் நடுவே நாற்காலி தயாராக இருந்தது. பெரியவர் குளித்து, நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை. வாய் திறந்துகொள்ளாமல் பிணத்துக்குக் கட்டுவதுபோல நாடியைச் சுற்றித் தலைக்கு மேலே துணி முடிச்சு. அவர் மனைவி மட்டும் சமையற்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். "நான் பூவும் பொட்டுமா கீறசொல்ல இதெல்லாம் பாக்கணும்னு எனக்குத் தலையெழுத்தா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"அவ வர வேணாம்" என்றார் பெரியவர் என்னிடம், கட்டிய துணிக்குள்ளிருந்து. "நெசமா செத்தாலும் அவ அழமாட்டா."

மகன்கள் பின்னால் வரிசையாக நின்றார்கள். பிணத்துக்குப் பின்னால் நிற்கும் முகம் அவர்களுக்கு இயல்பாகவே வந்தது. பெண்கள்தான் தகராறு. மருமகள்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டார்கள்.

"அழுவுங்கடி!" என்றார் பிணம்.

யாருக்கும் அழுகை வரவில்லை. அவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த ஒப்பாரிக்காரி மட்டும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டு கையாலும் நெல்லை அள்ளிக் கொடுத்த மகராசன் என்று பாடியதும் அவர் கழுத்தைத் திருப்பினார். "அத இன்னொரு வாட்டி பாடு. இவனுங்க காதுல விழட்டும்."

நான் கேமராவுக்குமேல் குனிந்திருந்தேன். மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டை லென்ஸ் கேமரா அது. அதில் இடது வலமாகவும் வலது இடமாகவும் தெரியும். எல்லாரையும் ஒழுங்காக நிறுத்திவிட்டு, "அசையாதீங்க" என்றேன். மாலையில் இருந்த ஒரு தேனீ அதற்குக் கட்டுப்படவில்லை. பெரியவரின் மூக்கு நுனியில் போய் உட்கார்ந்தது. அவர் கத்திக்கொண்டு நாற்காலியிலேயே துள்ளினார். நாடிக்கட்டு நழுவிக் காதில் தொங்கியது, மாலை ஒரு பக்கம், வாய் முழுவட்டம். அவருக்குப் பின்னால் நின்ற கடைசி மருமகள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். முந்தானையால் வாயைப் பொத்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

என் விரல் அழுத்திவிட்டது.

பிறகு தேனீயை விரட்டி, மாலையை நேராக்கி, எல்லாரையும் மறுபடி நிற்கவைத்து அவர் கேட்ட படத்தை எடுத்தேன். அது நல்ல சாவுப் படம். கண் இரண்டும் திறந்திருக்கும். அவர் அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார்.

முதல் படத்தை டார்க் ரூமில் சிவப்பு விளக்கில் கழுவினேன். காகிதத்தில் முதலில் அந்தப் பெண்ணின் கூந்தல் கறுத்தது. பிறகு பெரியவரின் திறந்த வாய் வந்தது, அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக மகன்களின் இழவு முகங்கள். தட்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். வரைந்து வரைந்து எனக்குச் சலித்துப்போயிருந்தது. இதில் நான் வரைய ஒன்றுமில்லை. எல்லாம் அதுவாகவே வந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் எட்டிப் பார்த்து, "ஆடிப்போச்சி. தூக்கிப் போடும்மா" என்றார். வெளியிலிருந்து அக்கா, "இன்னா ஆடிச்சி?" என்று கத்தினார். நான் நெகட்டிவை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

கொஞ்ச காலத்தில் பாகூர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை வேலை கிடைத்தது. ஸ்டூடியோக்காரர் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை என்னிடம் தள்ளிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சைக்கிளில் கிளம்பிவிடுவேன். பாகூர் ஏரிக்கரை, கரும்பு வெட்டுகிறவர்கள், பனித்திட்டில் வலை உலர்த்துகிறவர்கள். படம் எடுக்கும் பெண் என்றால் கல்யாணத்துக்கா சாவுக்கா என்று கேட்பார்கள். ரெண்டுக்கும் இல்லை என்றால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். "அப்ப எதுக்கும்மா வெயில்ல கஷ்டப்படற?" என்றார் ஒரு மீனவர். இதற்குள் மாப்பிள்ளை பேச்சு அதுவாகவே நின்றுபோயிருந்தது. வெயிலில் சைக்கிள் ஓட்டி நான் கறுத்த கறுப்பில் அம்மாவுக்கே நம்பிக்கை போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு என்றால் மாம்பழம், பானை, தேசியக் கொடி. ஒரு மாதம் அதைப் பொறுத்தேன். பிறகு ஆளுக்கொரு அட்டை கொண்டுவரச் சொல்லி, நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை போடவைத்து, அதன் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று வெளியே அனுப்பினேன். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வந்து சொன்னார்கள். எருமையின் காதில் உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சி, கிணற்றுக்குள் தெரிந்த மேகம். ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்து, "எட்மாஸ்டர் சார் சைக்கிள் சாவியால காது கொடையறாரு டீச்சர்" என்றாள். வகுப்பே அட்டைகளை எடுத்துக்கொண்டு அந்த ஜன்னலுக்கு ஓடியது.

அன்று சாயந்திரம் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். "ஓவிய வகுப்புல ஓவியம் எங்க டீச்சர்?"

"முதல்ல பாக்கக் கத்துக்கட்டும் சார்."

"என்னையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. ஆனாலும் மோசமான மனுஷன் இல்லை. விஞ்ஞான அறைக்குப் பின்னாலிருந்த ஸ்டோர் ரூமைப் படம் கழுவத் தந்தவரும் அவர்தான். ஒரு பக்கம் கண்ணாடி ஜாடிக்குள் ஊறுகிற தவளை, இன்னொரு பக்கம் கால் உடைந்த எலும்புக்கூடு. நடுவில் நின்று பிள்ளைகளுக்குப் படம் கழுவக் கற்றுக்கொடுத்தேன். படம் வெளிவருகிற நேரத்தில் அவர்கள் போடுகிற கூச்சலை எங்கள் சர்ச் சாமியார் கேட்டிருந்தால் பேய் ஓட்ட வந்திருப்பார்.

எழுபதுகளின் நடுவில் டவுனில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து கடற்கரைப் பக்கம் ஒரு கண்காட்சி வைத்தார்கள். போட்டோவும் தரலாம் என்றார்கள். நான் கொடுத்ததில் தேனீப் படமும் ஒன்று. நான் தலைப்பு எதுவும் வைக்கவில்லை. அவர்களாகவே "மரணத்தின் முன் மானுடம்" என்று அட்டை எழுதி ஒட்டியிருந்தார்கள். ஜிப்பா போட்ட ஒருவர் அதன் முன்னால் நின்று, பிணத்தின் திறந்த வாய் மௌனத்தின் அலறல் என்று விளக்கினார். தேனீ என்றேன். அதுவும் ஒரு குறியீடுதான் என்றார்.

கண்காட்சியைப் பற்றி எழுதிய ஒரு பத்திரிகை அந்தப் படத்தையே போட்டது. கீழே, பாகூர் பக்கத்து நிலக்கிழார் ஒருவரின் இறுதிச் சடங்கில் எடுத்தது என்று அச்சடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் வகுப்பில் இருந்தபோது தலைமை ஆசிரியர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "டீச்சர், செத்துப்போனவர் வந்திருக்கார். உங்களப் பாக்கணுமாம்."

செலியமேட்டுப் பெரியவர் ஆபீஸ் ரூமில் தலைமை ஆசிரியரின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கையில் அந்தப் பத்திரிகை. போட்டோ எடுத்த நாளைவிட உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது.

"நீதான் இத குடுத்தியா?"

"படத்த நான்தான் குடுத்தேங்கய்யா. ஆனா நீங்க செத்துட்டதா நான் சொல்லல. அவங்களா போட்டுட்டாங்க. மறுப்பு போடச் சொல்லி எழுதறேன்."

"யோவ், கொஞ்சம் வெளிய இருய்யா" என்று தலைமை ஆசிரியரை அவருடைய அறையிலிருந்தே வெளியே அனுப்பினார். பிறகு என் பக்கம் சாய்ந்தார். "போடாத."

"எதங்கய்யா?"

"மறுப்பு. இன்னும் ரெண்டு பேர் வரணும்."

நடந்தது இதுதான். பத்திரிகையைப் பார்த்துவிட்டுக் கடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் சொந்தக்காரர்கள் மாலையோடு பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டு, வாசலுக்கு வந்தால் பெரியவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். ஒருத்தி மயக்கமே போட்டுவிட்டாளாம். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். யார் வந்தார்கள், யார் நிஜமாக அழுதார்கள், யார் வந்ததும் வராததுமாக நிலத்தைப் பற்றிக் கேட்டார்கள் என்றெல்லாம் விரல் விட்டுச் சொன்னார்.

"என் தங்கச்சி வூட்டுக்காரன் வரல. பேப்பர் படிக்கிறவன்தான். பாத்திருப்பான். ஒரு வாரம் பாப்பேன்." பத்திரிகையை மடித்தார். "அப்பால, இந்தப் படத்த எங்க மாட்டிக்கீறாங்க? நான் பாக்கணும்."

கண்காட்சி முடிவதற்கு முன் ஒரு சனிக்கிழமை அவரை அழைத்துப் போனேன். படத்துக்கு முன்னால் கூட்டம் இருந்தது. எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற பிணத்தை ஒருவரும் அடையாளம் காணவில்லை. ஜிப்பாக்காரர் மௌனத்தின் அலறலை மறுபடி விளக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் அவர் தோளைத் தட்டி, "கொஞ்சம் ஒத்திக்கோப்பா" என்று சொல்லிவிட்டுக் கிட்டப் போனார்.

வெகுநேரம் பார்த்தார். அவருடைய வாயைப் பார்த்துச் சிரிப்பார், இல்லை கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் விரல் தன் முகத்தைத் தாண்டிப் பின்னால் நின்றவள்மேல் போய் நின்றது.

"இது யாரு, எங்க சின்ன மருமவளா? பேப்பர்ல ஒரே மசியா இருந்திச்சி."

"ஆமாங்கய்யா."

"இவ எப்ப சிரிச்சா?"

"தேனீ வந்தப்ப."

"எனக்குப் பின்னால நின்னாளா, பாக்கல." இன்னும் கிட்டக் குனிந்தார். "நம்ம வூட்ல யாரும் சிரிச்சி நான் பாத்ததில்லம்மா. நான் உள்ள வந்தா எல்லாரும் கம்முனு ஆயிடுவாளுங்க. மரியாதைனு நெனச்சிக்கினு இருந்தேன்."

திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "அந்தப் படத்துல பெருசா ஒண்ணு போட்டுக் குடு" என்றார். கொடுத்தேன். கூடத்தில் இருந்த ஒழுங்கான சாவுப் படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். அவர் மனைவிக்கு இது இன்னும் மோசமாகப்பட்டது. ஆனால் இம்முறை கதவைச் சாத்திக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதன்பிறகு என் படங்கள் சென்னைக்குப் போயின. கல்கத்தாவுக்கு ஒன்று போனது. எண்பதுகளின் தொடக்கத்தில் டவுனில் ஓவியம் சொல்லித்தருகிற இடத்தில் போட்டோ வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். பாகூரில் அட்டையோடு ஜன்னலுக்கு ஓடிய பிள்ளைகளை விட்டுவிட்டு வர எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இங்கே மாணவர்கள் தாடி வைத்திருந்தார்கள். எந்தப் படத்தைக் காட்டினாலும் முதலில் அதன் அர்த்தத்தைக் கேட்டார்கள். அர்த்தம் இருக்கட்டும், வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது சொல்லுங்கள் என்பேன். தேனீப் படத்தின் கதையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். டீச்சர் தன்னடக்கத்தில் சொல்கிறார் என்று எழுதிவைத்துக்கொள்வார்கள்.

பெரியவர் நிஜமாகச் செத்தது அந்தச் சமயத்தில்தான். சேதி சொல்லி அனுப்பியும் கடலூர்க்காரர்கள் உடனே வரவில்லை. மறுபடி விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார்களாம். தங்கை வீட்டுக்காரர் மட்டும் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார். போன தடவை வராததற்கு வாங்கிய திட்டு அப்படி. நான் கேமராவோடு போயிருந்தேன். "அவர படம் எடுக்க வேணாம் டீச்சர்" என்றாள் சின்ன மருமகள். "அதான் எடுத்து முடிச்சாச்சே."

கருமாதி முடிந்து சில வாரம் கழித்து அவளே டவுனுக்கு என்னைத் தேடி வந்தாள். இப்போது அந்த வீட்டில் கரும்பு வெட்டு, கூலி, ஆள் பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு படம் வேணும் டீச்சர். சிரிக்காம."

"ஏன்?"

"எங்க போனாலும், நீதான அந்தப் படத்துல பல்ல காட்டிக்கினு நின்னவனு கேக்கறாங்க. மாமனார் பொணத்துக்குப் பின்னால சிரிச்சவனு எங்க அம்மா வூட்டுப் பக்கம் பேச்சு. மாமா இருந்தவரைக்கும், எவன்டா சொன்னதுனு எகிறிக்கினு போவாரு. இப்ப யாரு போவா? வேலைக்கு ஆளுங்கள மெரட்டலாம்னா அதுங்க என்னப் பாத்து அந்தப் படத்த நெனச்சிக்கினு சிரிக்குதுங்க."

அத்தனை ஊர்களில் அத்தனை பேர் அந்தச் சிரிப்பைப் புகழ்ந்திருந்தார்கள். அது யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளிடம் கேட்க எனக்கும் தோன்றியதில்லை.

மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தேன். தாடி மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டேன். முந்தானையை இழுத்துவிட்டு, கைகளை மடியில் வைத்து, கேமராவை நேராகப் பார்த்தாள். கூலிக்காரனிடம் பேசுகிறபோது வைத்துக்கொள்கிற முகமாக இருக்க வேண்டும். ஒரு பிலிம் சுருள் முழுக்க எடுத்தேன். ஒரு படத்திலும் அவள் உதடு விலகவில்லை.

"இத எங்கயும் மாட்டக் கூடாது" என்றாள்.

"மாட்டல."

மறுவாரம் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கடைசியில் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"மூக்கு பெருசா கீது" என்று சொல்லி அதைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு, பாகூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.